அம்மாவின் குரலும் மல்லாட்டைச் சத்தமும்

எண்பதுகளில் சென்னையில் ஒரு கல்லூரியில் சினிமா படித்தேன். கடைசி வருடம் ஆளுக்கொரு பத்து நிமிடப் படம் எடுக்க வேண்டும். அதில் தேறினால்தான் பட்டயம். நான் எங்கள் ஊரான அடி அண்ணாமலைக்கு வந்து, அம்மா மல்லாட்டை விதைப்பதை எடுத்தேன். நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கொடுத்திருந்த கேமராவில் ஒலி பதியாது. பேச்சைத் தனியாகப் பதிந்து படத்தோடு சேர்க்க வேண்டும்.

அம்மாவையே பேசவைப்பது என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். மலை சுற்ற வரும் வெள்ளைக்காரர்கள் அவளை எத்தனையோ முறை படம் பிடித்திருக்கிறார்கள். ஒருவர்கூட அவளை ஒரு வார்த்தை பேசச் சொன்னதில்லை. அந்தக் கோபம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

டேப் ரிக்கார்டரை எதிரில் வைத்ததும் அவளுக்கு வாயடைத்துப் போயிற்று. "கை சும்மா இருந்தா பேச்சு வர்லடி" என்றாள். விதைக்காய்க் கூடையை இழுத்து வைத்து உடைக்க ஆரம்பித்தாள். பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. மழை ஏமாற்றியது, அப்பா செத்த வருடம் ஆள் வராமல் தானே ஏர் பிடித்தது, அதைப் பார்த்து ஊர் சிரித்தது, எல்லாம் வந்தது. நடுநடுவே படக் படக்கென்று காய் உடைந்துகொண்டே இருந்தது.

ஆசிரியர் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். "என்னம்மா இது, ஒரே இரைச்சல். 'ஜாஸ்தி', 'கம்மி'ன்னு பேச்சும் கொச்சையா இருக்கு. ரேடியோல செய்தி வாசிக்கிறவர் ஒருத்தர் இருக்கார், சுத்தமா பேசுவார். அவரை வெச்சு மாத்து. இல்லன்னா பாஸ் பண்றது கஷ்டம்."

அம்மா என் பக்கம் நிற்பாள் என்று நம்பி ஊருக்குப் போய்ச் சொன்னேன். "அந்த ரேடியோக்காரரே பேசட்டும்டி. நீ பாஸாவணும்ல. எம் பேச்சுல என்னா கீது?" என்றாள்.

ஆசிரியர்மேல் வராத ஆத்திரம் அவள்மேல் வந்தது. "நெலம் உன்னுது. ஏர் புடிச்ச கை உன்னுது. பேச்சு மட்டும் அவருதா?" என்று கத்தினேன். அவள் காய் உடைத்துக்கொண்டே இருந்தாள்.

மாற்றாமலே கொடுத்தேன். ஒலிக்கு மட்டும் பெயில் போட்டார்கள், பட்டயம் நின்றுபோனது. ஆறு மாதத்துக்குள் குரலைத் திருத்திக் கொண்டுவந்தால் மறுபடி பார்ப்பதாகச் சொன்னார்கள். கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். எனக்குத் தலைக்கனம் என்று பேசிக்கொண்டார்கள். மலையடிவாரத்துப் பெண்ணுக்கு அது கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்.

ஆறாவது மாதம் குரலைத் திருத்தினேன். அதாவது, ஒலி சேர்க்கும் கூடத்தில் உட்கார்ந்து அம்மாவின் குரலை இன்னும் உயர்த்தி வைத்தேன், காய் உடையும் சத்தத்தோடு சேர்த்து. வேறு எதையும் தொடவில்லை.

பாஸ் போட்டார்கள். மதிப்பெண் தாளின் அடியில் ஆசிரியர் தன் கையாலேயே எழுதியிருந்தார்: "குரல் இப்போது தெளிவாக இருக்கிறது."