நான் இறக்காத வண்டி

கோட்டூர்புரத்தில் எங்கள் வீட்டுக்கு வழி கேட்பவர்களிடம் "கார் மேலே நிக்கிற வீடு" என்று சொன்னால் போதும், ஆட்டோக்காரர் நேராகக் கொண்டுவந்து விட்டுவிடுவார். ஒரு காலத்தில் எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. இப்போது யாராவது அப்படிச் சொன்னால் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

அடையாற்றுத் தண்ணீர் தெருவுக்குள் வந்த அந்தப் பெரிய வெள்ளத்தில் என் பழைய கார் ஸ்டியரிங் வரைக்கும் முங்கிப்போனது. சேற்றை வழித்து, சீட்டைக் கழற்றி வெயிலில் போட்டு, என்னென்னவோ செய்து பார்த்தேன். நாற்றம் போகவே இல்லை. அதற்கப்புறம் புயல் என்று டிவியில் சொன்னாலே எங்கள் பக்கத்துக்காரர்கள் காரை எடுத்துக்கொண்டு மேம்பாலத்தின் மேல் நிறுத்த ஓடுவார்கள். எனக்கு அந்த ஓட்டம் பிடிக்கவில்லை. ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஆயிற்றே, கௌரவம் என்று ஒன்று இருக்கிறதல்லவா. இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள பெரிய வண்டியாக ஒன்று வாங்கினேன். அதைத் தூக்கி நிறுத்த நாலு தூண் லிஃப்ட் ஒன்றையும் வாங்கினேன். அதற்காக ஷெட்டின் கூரையை உயர்த்தி, தரையை உடைத்துப் புதிதாகக் கான்கிரீட் போட்டேன். "காருக்கு மாடி கட்டிண்டிருக்கேள், தெருவே சிரிக்கறது" என்றாள் மனைவி. சிரிக்கட்டும் என்றேன்.

லிஃப்டை மாட்ட வந்த ஃபிட்டர் வேலையை முடித்துவிட்டு எனக்குப் பாடம் எடுத்தார். "சார், இன்னா அவசரம்னாலும் சரி, நாலு தூண்லயும் லாக் உக்கார்ற சத்தம் உன் காதுல வுழணும். மூணுதான் கேட்டுச்சுன்னு வையி, அடியில தலைய வுடாத. ஆயில் பிரஷரை நம்பி வண்டிய மேல வுட்டுட்டுப் போவாத. லாக்குல உக்கார வெச்சிட்டுப் போ." கரண்ட் இல்லாத நேரத்துக்கென்று ஒரு கை பம்பும் கொடுத்தார். தூணுக்குள் இரும்புப் பல்லாக இருக்கும் அந்த லாக்கில் உட்கார்ந்திருக்கும் வண்டியை முதலில் ஓர் அங்குலமாவது மேலே தூக்கினால்தான் லாக் விடும், அப்புறம்தான் இறக்க முடியும். மோட்டார் தூக்குகிற அந்த ஓர் அங்குலத்தைக் கையால் அடித்துத் தூக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். கால் மணி நேரத்து வேலை.

அதை அடித்துப் பார்க்கிறேன் என்று ஆசையாக முன்வந்தவர் எதிர்வீட்டு வாத்தியார். சாந்தோம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாழ்நாள் முழுக்க பிசிக்ஸ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சில் பூசைக்குப் போகிறவர். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, சத்தமாக எண்ணிக்கொண்டே அடித்தார். வண்டி எழும்பியதும் குழந்தை மாதிரி சிரித்தார். "முப்பத்தஞ்சு வருஷம் இதை போர்டுல படமா போட்டேன் சார். இன்னிக்குத்தான் கையால தூக்கறேன்." அவருடைய மனைவி கேட்டருகில் நின்று, "வீட்ல ஒரு குடம் தண்ணி தூக்க மாட்டார் சார் இவரு" என்றார். அந்த அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, வாரத்துக்கு மூன்று முறை மயிலாப்பூரில் டயாலிசிஸ். ஆட்டோவில்தான் போய் வருவார்கள். கண் சரியில்லை என்று வாத்தியார் தன் காரை எப்போதோ விற்றுவிட்டார்.

லிஃப்ட் வந்ததிலிருந்து நான் ஒரு பெரிய பாதுகாப்பு அதிகாரி ஆகிவிட்டேன். தரையில் மஞ்சள் கோடு போட்டேன். டயருக்குக் கட்டை கொடுத்தாயா, ஹேண்ட் பிரேக் போட்டாயா, அடியில் யாரும் இல்லையா, நாலு லாக்கும் கேட்டதா என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். தண்ணீர் கேன் போடுகிறவர் ஒருநாள் தெரியாமல் கோட்டைத் தாண்டிவிட்டார் என்று தெருவே எட்டிப்பார்க்கும்படி கத்தினேன். கத்துவது எனக்குக் கைவந்த கலை.

மழைக்காலத்தில் ஒருநாள் புயல் எச்சரிக்கை வந்தது. முதல் ஆளாக வண்டியை ஏற்றி, நாலு லாக்கும் உட்கார்ந்த சத்தத்தைக் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனேன். விடிந்தபோது தெருவில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர். ஷாக் அடிக்கும் என்று கரண்டை நிறுத்தியிருந்தார்கள். எட்டு மணி இருக்கும். வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்து எங்கள் ஷெட்டில் நின்றார்.

"சார், நேத்து அவளை டயாலிசிஸ்க்கு கூட்டிட்டுப் போக முடியல. காலையிலேர்ந்து மூச்சு வாங்குது, படுக்கவே முடியல அவளால. ஆம்புலன்ஸ் வர நேரமாகும்னு சொல்லிட்டாங்க. ஆட்டோ எதுவும் உள்ள வராது. உங்க வண்டி உயரமான வண்டி. மெயின் ரோடு வரைக்கும் விட்டா போதும் சார்."

நான் தெருவைப் பார்த்தேன். தண்ணீரைப் பார்த்தேன். பழைய காரின் அந்த நாற்றம் மூக்கில் வந்து நின்றது. பொய் சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்துச் சொன்னேன் என்றுகூடச் சொல்லிக்கொள்ள முடியாது. அது சட்டதிட்டம் மாதிரி சரளமாக வாயிலிருந்து வந்தது.

"லாக்ல உட்கார்ந்திருக்கு சார். கரண்ட் வந்தாத்தான் இறங்கும். பலவந்தமா எடுக்கவே கூடாது, ரொம்ப ரிஸ்க்."

"இன்வெர்ட்டர் போட்டு..." என்று ஆரம்பித்தார்.

"இன்வெர்ட்டர் அந்த மோட்டாரை இழுக்காது" என்றேன். அது மட்டும் உண்மை. அந்த ஓர் உண்மையை எவ்வளவு அழுத்திச் சொன்னேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பின்னால் என் மனைவி வந்து நின்றிருந்தாள். "ஏன்னா, அந்தக் கை..." என்று வாயெடுத்தாள். திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். அவள் நிறுத்திக்கொண்டாள்.

கை பம்ப் என் முதுகுக்குப் பின்னால் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. வாத்தியார் என்னைத் தாண்டி அதைப் பார்த்தார். பிறகு மேலே வண்டியைப் பார்த்தார். அவர் கேட்டிருக்கலாம். நானே அடிக்கிறேன் சார் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் மறுத்திருக்க முடியாது. "சரி சார், பரவாயில்ல" என்று திரும்பினார்.

அப்போது நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. "குடை வேணுமா சார்?" என்று கேட்டேன். அவர் வாங்கிக்கொண்டார்.

மாடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாத்தியார் எங்கிருந்தோ மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். அதன் மேல் பிளாஸ்டிக் நாற்காலியை வைத்து, நாற்காலியோடு அந்த அம்மாவைக் கயிற்றால் சுற்றிக் கட்டினார்கள். வண்டிக்காரர் முன்னால் இழுக்க, வாத்தியார் ஒரு கையால் குடையைப் பிடித்து மறு கையால் பின்னால் தள்ளிக்கொண்டே போனார். எழுபது வயது அவருக்கு. தெருமுனை திரும்பும்வரை பார்த்தேன். இறங்கிப் போய் நானும் ஒரு கை கொடுத்திருக்கலாம். வண்டியை இறக்க முடியாதவனுக்குக் கை கால் நன்றாகத்தானே இருந்தது. போகவில்லை, அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று.

தண்ணீர் அதற்கு மேல் ஏறவே இல்லை. சாயங்காலம் வடிந்துவிட்டது. கரண்ட் வந்ததும் பட்டனை அமுக்கி வண்டியை இறக்கினேன். துளி ஈரம் இல்லை. சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், முதல் நிமிஷம் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த அம்மாவுக்கு நுரையீரலில் நீர் கோத்து, நாலு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் தாமதமாகியிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னாராம். இதைச் சொன்னவர் வாத்தியார்தான், ஐந்தாம் நாள் குடையைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது. காயவைத்து, மடித்து, பட்டனைப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். குற்றம் சொல்கிற தொனி துளிகூட இல்லை. அவர் போனதும் மனைவி சொன்னாள்: "பொய் சொன்னது நீங்க ஒருத்தர்தான்னு நெனச்சுக்காதேள். பக்கத்துல நின்னுண்டு வாயை மூடிண்டிருந்தேனே, எனக்கும்தான் தூக்கம் வரலை." எனக்குச் சுருக்கென்றது. அவளையும் சேர்த்து அல்லவா கெடுத்திருக்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து, சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று எதிர்வீட்டுக்குப் போனேன். வாத்தியார் உள்ளே இருந்தார். அந்த அம்மா கூடத்தில் உட்கார்ந்து ஒரு சின்ன ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் அளவோடுதான் குடிக்க வேண்டுமாம், தாகத்துக்கு அதுதானாம். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மாவே ஆரம்பித்தார்.

"வாங்க சார். அன்னிக்கு வண்டி மேலயே மாட்டிக்கிச்சாமே, இவர் சொன்னார். நீங்க எவ்வளவோ முயற்சி பண்ணீங்களாம், அசையவே இல்லையாம். பாவம், நம்மளால முடியலயேன்னு உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்."

உள்ளேயிருந்து வந்த வாத்தியார் கதவருகில் நின்றுவிட்டார். நான் அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். எனக்காக அவர் என்னைவிடப் பெரிய பொய்யாகச் சொல்லிவைத்திருக்கிறார். கொடுத்த காபியைச் சூட்டோடு விழுங்கிவிட்டு எழுந்தேன்.

வாத்தியார் கேட் வரைக்கும் வந்தார். "சார், அன்னிக்கு நான்..." என்றேன்.

"தெரியும் சார்" என்றார். "அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. எங்களுக்குப் பிள்ளைங்க யாரும் ஊர்ல இல்ல. அடுத்த மழைக்கும் உங்ககிட்டதான் வரணும். அவ சங்கடப்படாம வண்டியில ஏறணும் இல்ல?"

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். நானே எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன், அதற்குப் பதில் எனக்குச் சொல்லத் தெரியும். தலையை ஆட்டிவிட்டுத் தெருவைத் தாண்டி வந்துவிட்டேன்.

இந்த வருஷ மழைக்கு நான் வண்டியை ஏற்றவில்லை. வாசலைப் பார்த்துத் திருப்பி நிறுத்தி, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். தெருவில் தண்ணீர் நின்ற அன்று காலையில் வாத்தியார் போன் செய்தார், போனேன். அந்த அம்மா முன்சீட்டில் உட்கார்ந்தார், வாத்தியார் பின்னால். பாலம் தாண்டி மயிலாப்பூர் போகும்வரை அந்த அம்மாதான் பேசிக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் ஒருவர் சக்கர நாற்காலியைக் கொண்டுவந்தார். "யாரும்மா, தம்பியா?" என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

"எதிர்வீட்டுக்காரரு" என்றார் அந்த அம்மா. "தங்கமான மனுஷன். ஒரு உதவின்னு கேட்டா, இல்லேன்னு சொல்லவே தெரியாது இவருக்கு."

பக்கத்தில் ஏதோ படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்த வாத்தியாரின் பேனா நின்றது. பிறகு அவர் தொடர்ந்து எழுதினார். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன்.