திருத்திய அளவு

என் கணவருக்குக் காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் பரிசோதனை முடிவு பாசிட்டிவ் என்று வந்தது. கொரோனாவின் இரண்டாவது அலை அது. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் மட்டும் நாலு வீட்டுக் கதவில் தொற்று உள்ள வீடு என்று தாள் ஒட்டியிருந்தார்கள். பள்ளி மூடியதுமே மகளை ஆழ்வார்திருநகரியில் என் அக்கா வீட்டில் விட்டிருந்தோம். அது ஒன்றுதான் நிம்மதி. அவர் முன்னறையில் படுத்துக்கொண்டார். நான் அடுக்களையை ஒட்டிய அறைக்கு மாறினேன்.

மருந்துக்கடை அண்ணாச்சி ரத்தத்தில் ஆக்சிஜன் பார்க்கும் ஒரு ஆக்சிமீட்டரைக் கொண்டுவந்து மதில்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

"கம்பெனி பேரு எனக்கே தெரியாது டீச்சர். கடையில இருந்த கடைசி ஒண்ணு இதுதான். தொண்ணூத்திநாலுக்குக் கீழ போச்சுன்னா யோசிக்காம ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க" என்றார்.

கணவரின் விரலில் மாட்டினேன். 91. எடுத்துவிட்டு மறுபடி மாட்டினேன். 91. மூன்றாவது தடவையும் அதே.

ஆஸ்பத்திரி என்றாலே அப்போது பயம். முந்தின வாரம் அடுத்த தெருவில் ஒருவர் தானே நடந்துபோய் ஆம்புலன்ஸில் ஏறினார். ஜன்னல் வழியாக எனக்குக் கைகூடக் காட்டினார். அவர் திரும்பி வரவில்லை. எங்கும் கட்டில் இல்லை, வாசலிலேயே வண்டிகள் காத்துக் கிடக்கின்றன என்று தினமும் யாராவது போனில் சொன்னார்கள். இவரை அங்கே அனுப்பாமல் இருக்க ஏதாவது ஒரு காரணம் கிடைக்காதா என்று நான் தேடினேன். இன்றைக்கு யோசித்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் பதினாலு வருஷமாக வேதியியல் நடத்துகிறேன். வருஷத் தொடக்கத்தில் நடத்துவது அளவீடுதான். எந்தக் கருவி காட்டும் எண்ணிலும் கடைசி இலக்கம் சந்தேகத்துக்கு உரியது, விடை எழுதும்போது அதை மறக்காதீர்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது. டப்பாவுக்குள் இருந்த காகிதத்தைப் பிரித்துப் படித்தேன். இரண்டு கூடவோ குறையவோ காட்டலாம் என்று போட்டிருந்தது. அப்படியானால் உண்மையில் 93 இருக்கலாம். 89-ஆகவும் இருக்கலாம். இரண்டுமே ஆறுதலாக இல்லை.

அப்போதுதான் அதை என் விரலில் மாட்டிப் பார்க்கத் தோன்றியது. 92 என்றது.

எனக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. காலையில் மாடியில் துணி காயப்போட்டிருந்தேன். இரண்டு குடம் தண்ணீர் தூக்கியிருந்தேன். எனக்கே 92 என்றால் கோளாறு கருவியில்தான். திரும்பத் திரும்ப ஒரே எண்ணைக் காட்டுகிறது, அதனால் நுட்பம் இருக்கிறது. உண்மையான மதிப்பைக் காட்டவில்லை, அதனால் துல்லியம் இல்லை. எல்லா அளவையும் ஒரே பக்கமாகத் தள்ளிக் காட்டும் முறையான பிழை என்று பாடத்தில் வருவது இதுதான். எனக்கு 98 இருக்க வேண்டும். ஆறு குறைத்துக் காட்டுகிறது. ஆறைக் கூட்டினால் அவருக்கு 97.

கதவருகில் நின்று சத்தமாகச் சொன்னேன். "என்னங்க, மிஷின்தான் கோளாறு. எனக்கே தொண்ணூத்திரெண்டுதான் காட்டுது."

"அப்பிடியாளா? நான் பயந்தே போயிட்டேன்" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

ஒரு நோட்டில் கோடு போட்டு 'கண்ட அளவு', 'திருத்திய அளவு' என்று எழுதி வைத்துக்கொண்டேன். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை முதலில் என் விரல், அடுத்து அவர் விரல். எனக்கு 98-க்கு எவ்வளவு குறைகிறதோ அதை அவர் அளவோடு கூட்டுவேன். மறுநாள் காலையில் எனக்கு 90, அவருக்கு 89. எட்டைக் கூட்டினேன். மத்தியானம் எனக்கு 89, அவருக்கு 88. ஒன்பதைக் கூட்டினேன். பேட்டரி இறங்குகிறது என்று நினைத்துப் புதுசு மாற்றினேன். திருத்திய அளவு மட்டும் அசையாமல் 97-லேயே நின்றது.

"ஏளா, கக்கூசுக்குப் போயிட்டு வரதுக்குள்ள கண்ணு இருட்டுது" என்றார்.

"தொண்ணூத்தியேழு இருக்குங்க. காய்ச்சல் அசதிதான். பைய எந்திரிங்க."

அன்று சாயங்காலம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடப் பாடத்தைப் பேசிப் பதிவு செய்தேன். திட்டக் கரைசல் பற்றிய பாடம். அனுப்புவதற்கு முன் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது வழக்கம். போனில் என் குரல் சொன்னது: "எதை வைத்து… மற்றதை… அளக்கிறோமோ… அதன் செறிவு… சரியாகத்… தெரிந்திருக்க வேண்டும்."

ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது.

மறுபடி போட்டுக் கேட்டேன். பேசும்போது எனக்கு அது தெரியவே இல்லை. எழுந்து அடுக்களைக்குப் போய்க் காப்பித்தூள் டப்பாவைத் திறந்து முகர்ந்தேன். ஒரு வாசமும் இல்லை. 

வண்ணார்பேட்டையில் இருக்கும் என் தம்பிக்குப் போன் செய்தேன். கால் மணி நேரத்தில் பைக்கில் வந்தான்.

"லே, முகக்கவசத்தக் கழட்டாத. அங்கனயே நில்லு" என்றேன். ஆக்சிமீட்டரை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து மதில்மேல் வைத்துவிட்டுப் படிக்கட்டுவரை பின்னால் வந்தேன். "அத உன் விரல்ல மாட்டு. என்ன காட்டுது?"

"தொண்ணூத்தொம்பது."

"வேற விரல்ல மாட்டு."

"தொண்ணூத்தெட்டு. ஏங்க்கா?"

கருவி சரியாகத்தான் இருந்திருக்கிறது.

"அத்தானுக்கு எவ்வளவு?" என்றான்.

"எண்பத்தியேழு."

"ஒனக்கு?"

"எண்பத்தெட்டு."

அவன் தெருவில் நின்றபடியே ஒவ்வொரு ஆஸ்பத்திரியாகப் போன் செய்தான். நான் முன்னறைக்குள் போனேன். இனி அவரை விட்டுத் தள்ளி இருந்து என்ன?

"நான் கூட்டிக் கூட்டி எழுதிட்டேங்க" என்றேன். அழுதால் மூச்சு இன்னும் போகுமோ என்று அழவும் பயமாக இருந்தது. நடந்ததை அவர் முழுதாகப் புரிந்துகொண்டாரா, தெரியவில்லை. "சரி, நீயும் கவுந்து படு. கவுந்து படுத்தா மூச்சு நல்லா வருதுன்னு சொல்லுதாங்க" என்றார். இருவரும் குப்புறப் படுத்துக் கிடந்தோம். தெருமுனையில் ஒவ்வொரு வண்டிச் சத்தம் கேட்கும்போதும் தலையைத் தூக்கிப் பார்த்தேன். ஆம்புலன்ஸ் வர ஒன்றரை மணி நேரம் ஆனது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் தம்பி இரண்டு கட்டில் பிடித்திருந்தான். ஸ்கேன் எடுத்ததில் அவரைவிட எனக்குத்தான் நுரையீரல் அதிகம் பாதித்திருந்தது. அவருக்கு ஆறு நாள் ஆக்சிஜன், எனக்கு ஒன்பது நாள். நர்ஸ் வந்து விரலில் கருவியை மாட்டும்போதெல்லாம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வேன். எண்ணைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். இருவரும் வீடு திரும்பினோம். தம்பிக்கு எதுவும் வரவில்லை.

பள்ளி திறந்ததும் அளவீட்டுப் பாடத்தின்போது நடந்ததை அப்படியே வகுப்பில் சொன்னேன். ஒருத்தி எழுந்து, "மிஸ், உங்க தம்பிக்கும் வந்திருந்தா?" என்றாள்.

"அவனுக்கும் தொண்ணூத்தியேழுன்னு எழுதியிருப்பேன்" என்றேன். மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டிலேயே கிடந்திருப்போம். கரும்பலகைப் பக்கம் திரும்பி, 'கண்ட அளவு', 'திருத்திய அளவு' என்று எழுதி, இரண்டாவதைக் கோடு போட்டு அடித்தேன்.