வலது தோளில் ஒரு கரும்புள்ளி

எண்பதுகளின் நடுவில் என் எலும்புக்கூட்டை நானே பார்த்தேன். தொந்தி இல்லாமல் நான் இவ்வளவு லட்சணமா என்று வியந்துபோனேன்.

சிரிப்பு அதோடு சரி. புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்டு நிம்மதியாக இருந்தவனுக்கு முதுகில் வலி வந்தது. ரத்தப் பரிசோதனையும் சரியாக இல்லை. நோய் திரும்பிவிட்டது, எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் திருச்சி தில்லை நகர் டாக்டர். பரவாமல் இருந்தால் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்துப் பார்க்கலாம். பரவியிருந்தால் வலியைக் குறைப்பதோடு வைத்தியம் நின்றுவிடும்.

அதற்கான எலும்பு ஸ்கேன் அப்போது திருச்சியில் கிடையாது. மெட்ராஸ் போனேன். கையில் கதிரியக்க மருந்தை ஏற்றி, அது எலும்பில் போய்ச் சேரும்வரை தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். புராஸ்டேட்காரனிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? கழிவறைக்கும் பெஞ்சுக்குமாக நடந்தே எங்கள் ஸ்ரீரங்கத்துக்குப் பாதி தூரம் வந்திருப்பேன்.

ஊர் திரும்பி, படத்தைத் தில்லை நகர் டாக்டரிடம் காட்டப் போனபோது துணைக்கு என் சிநேகிதர் வந்தார். கோயில் புறப்பாடுகளில் பெருமாள் பல்லக்குக்கு என்னோடு ஒரே தண்டில் தோள்கொடுப்பவர். அவர் நெட்டை, நான் குட்டை. தண்டு எட்டுவதற்காகத் துண்டை மடித்து மடித்துத் தோளில் வைத்துக்கொள்வேன். அதை வைத்தே காலமெல்லாம் என் மானத்தை வாங்கினார்.

டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். முதுகெலும்பில் பயந்த மாதிரி எதுவும் இல்லை. இடுப்பும் சுத்தம். வலது தோளில் மட்டும் கறுப்பாக ஒரு புள்ளி. நோயாகவும் இருக்கலாம், மூட்டுத் தேய்மானமாகவும் இருக்கலாம் என்றார். அந்தத் தோளில் பாரம் ஏதாவது சுமந்ததுண்டா என்று கேட்டார். பல்லக்கைச் சொன்னேன். பக்கத்திலிருந்தவருக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை.

"பெருமாளைத் தூக்கினது நாங்க, டாக்டர். இவர் துண்டைத் தூக்கிண்டு கூட வந்தார்."

டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்ப தோள்ல பாரமே விழலையா?"

வாழ்க்கையில் முதல்முறையாக என்னாலும் சிரிக்க முடியவில்லை. சிநேகிதர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"விழுந்தது டாக்டர். தெரு முனையில திரும்பறச்சே நான் தண்டுலேருந்து தோளை நழுவ விட்டுடுவேன். என் பங்கும் இவர் மேலதான் விழும்."

சாட்சி சொன்னால் போதாது, தோளை எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க என்று அனுப்பினார் டாக்டர். படம் காயும்வரை இருவரும் வெளியே பெஞ்சில் காத்திருந்தோம். அவர் கிண்டல் செய்யமாட்டாரா என்று நான் ஏங்கியது அன்றைக்குத்தான்.

புதுப் படத்தை வெகுநேரம் பார்த்தார் டாக்டர். எலும்பு அரிக்கப்படவில்லை, மூட்டுதான் தேய்ந்திருக்கிறது, கரண்டுக்கு எழுதுகிறேன் என்றார். சில மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் பார்க்கணும், இப்பவே துள்ளாதீங்க என்றும் சொன்னார். துள்ளும் வயதா எனக்கு?

திரும்பும் பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. காவேரிப் பாலத்தில் மெதுவாகக் கேட்டேன்.

"நிஜமாவே நழுவ விடுவீரா ஓய்?"

"தோளே சொல்லிடுத்தே, என்னை ஏன் கேக்கறீர்?"

ஆள் மேல் ஆள் இடித்த அந்தக் கூட்டத்தில், என் படங்கள் இருந்த பெரிய கவரை அவர் எல்லார் தலைக்கும் மேலே தூக்கிப் பிடித்திருந்தார். ஸ்ரீரங்கம் வரும்வரை, எந்தத் திருப்பத்திலும் நழுவ விடவில்லை.