கூடை கேட்ட தையற்காரி

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் சனம் கலையும் நேரம் ஜெசிதாவின் கைப்பைக்குள் போன் ஒருதரம் ‘டிங்’ என்று அடிக்கும். அவள் உடனே எடுக்கமாட்டாள். சுற்றி நிற்பவர்களுக்குக் கேட்டுவிட்டது என்று தெரிந்த பிறகுதான் எடுப்பாள். “ரொறொன்ரோவிலயிருந்து ஒரு ஓடர். இறால் கருவாடு” என்று தலையிடி வந்தவள் போலச் சொல்லுவாள். பக்கத்தில் நிற்கும் யசிந்தாவுக்கு வயிறு எரியும்.

யசிந்தா குருநகரில் பேர் எடுத்த தையற்காரி. ஜெசிதா அவளுடைய கணவன் கொலின்சின் தம்பி மனைவி. போன வருசம் வரைக்கும் முற்றத்தில் படங்கு விரித்துக் கருவாடு காயவைத்தவள்; காகம் கலைத்துக் கலைத்தே குரல் கட்டிப்போனவள். இப்போது அவளுக்கு ஒரு இணையத்தளம். பொதிகளின் படங்கள், கீழே விலை, பக்கத்தில் சின்னதாய் ஒரு கூடை. வெளிநாட்டில் இருப்பவர்கள் கூடையை அமத்தினால் காசு வந்து சேர்ந்துவிடும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு யசிந்தா கதவைச் சாத்திவிட்டு அந்தத் தளத்தைத் திறப்பாள், எங்கேயாவது எழுத்துப்பிழை இருக்கிறதா என்று தேடுவதற்கு. நெத்தலிக்குக் கீழே யாரோ ஒருத்தி ஐந்து நட்சத்திரம் போட்டு ‘அம்மாவின் கை மணம்’ என்று எழுதியிருந்ததைக் கண்ட அன்று, தைத்துக்கொண்டிருந்த சட்டையின் கையை அவள் இரண்டுதரம் பிரிக்க வேண்டி வந்தது.

யசிந்தாவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவை, பிள்ளைகள் முதன்முதல் நற்கருணை வாங்குகிற முதல்நன்மை நாளுக்கான சட்டைகள். பெண்பிள்ளை முதல்நன்மை எடுக்கிற காலைவரை அவளுடைய வெள்ளைச் சட்டை எப்படியிருக்கும் என்பது வீட்டு இரகசியம். தாய்மார் துணியைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு ஒவ்வொருத்தராய் வருவார்கள். ஒருத்தி உள்ளே இருக்கும்போது இன்னொருத்தி படலையைத் திறந்தால், மெசினில் கிடப்பதன்மேல் யசிந்தா போர்வையை எறிந்துவிடுவாள். எந்தப் பிள்ளைக்கு என்ன கழுத்து, எத்தனை மடிப்பு என்று அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. அவளிடம் தைக்கக் கொடுப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

கடைசியில் ஒருநாள், ஜெசிதாவுக்குத் தளம் செய்து கொடுத்த நிருஷனைத் தேடி அவள் ஸ்ரான்லி வீதிக்குப் போனாள். அவன் சட்டைகளின் படங்களைப் பார்த்தான்.

“அக்கா, ஜெசிதா அக்கா நடத்திறது கடை. எத்தினை பேர் வாங்கினாலும் எல்லாருக்கும் ஒரே நெத்தலிதான். உங்கடை வேலை அப்பிடியில்லையே. தைச்ச சட்டையளின்ரை படத்தைப் போட்டு, அளவெடுக்க நாள் பதியிற மாதிரி ஒண்டு செய்வம்.”

“நாள் பதிஞ்சா போன் அடிக்குமோ?”

“மெசேஜ் வரும்.”

“காசு?”

“அது நீங்கள் ஆக்களோடை கதைச்சுத்தான்…”

“அவவுக்குக் கூடை, எனக்குப் படம் காட்டுறதோ? தம்பி, அவவுக்குச் செய்தது எனக்கும் வேணும். கூடையைக் கொஞ்சம் பெரிசாப் போடும்.”

நிருஷன் இன்னொருதரம் சொல்லிப் பார்த்தான். பிறகு கூடையைப் பெரிதாகவே போட்டுக் கொடுத்தான். ஐந்து மாதிரிச் சட்டைகள். அளவுக்குப் பதிலாக வயது.

முதல் ‘டிங்’ கோயில் வாசலிலேயே கேட்டது. யசிந்தா போனின் சத்தத்தை முழுதாகக் கூட்டி வைத்திருந்தாள். “லண்டன்” என்றாள், ஜெசிதாவை விடப் பெரிய தலையிடியோடு. அடுத்த கிழமை பாரிஸ். அதற்கடுத்தது ரொறொன்ரோ. மூன்று பேரும் எடுத்தது ஒரே சட்டை, தோளில் முத்தும் இடுப்பில் ரேந்தைப் பின்னலும் வைத்தது. மூன்றுக்கும் எட்டு வயது. துணியை அடுக்கி ஒரே வெட்டில் வெட்டினாள். மூன்று நாட்டின் பேரையும் ஆசை தீரப் பார்த்தவள், சட்டை போய்ச் சேரவேண்டிய விலாசங்களைக் கண் வைத்துப் பார்க்கவில்லை.

முதல்நன்மைக்குப் பத்து நாள் இருக்கும்போது, அடுத்த ஒழுங்கையில் இருக்கும் மேர்சி படலையைத் திறந்துகொண்டு வந்தாள்.

“யசிந்தாக்கா, மச்சாள் லண்டனிலயிருந்து பிள்ளைக்குச் சட்டை எடுத்தவவாம். உங்களிட்டை வாங்கட்டாம்.”

கொடியில் மூன்றும் ஒன்றாய்த் தொங்கின. கூடையில் விற்ற சாமான்தானே என்று யசிந்தா போர்வையைப் பற்றி நினைக்கவே இல்லை. மேர்சி போனில் இருந்த படத்தையும் கொடியையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“உது என்ரை பிள்ளையின்ரையெல்லோ? ஏன் மூண்டு தொங்குது?”

யசிந்தா உள்ளே போய்ப் போனைத் திறந்து மற்ற இரண்டு விலாசங்களையும் பார்த்தாள். ஒன்று கடற்கரை வீதி. மற்றது கோயிலுக்குப் பின்பக்கம். மூன்று பிள்ளைகளும் ஒரே பங்குக் கோயில், ஒரே ஞாயிறு, ஒரே வரிசை.

“ஆர் மற்ற ரெண்டு பேரும்?” என்றாள் மேர்சி.

“அது சொல்லமாட்டன். உம்மடையையும் அவைக்குச் சொல்லன்.”

“இனி என்னத்தை மறைக்கிறியள்? வரிசையிலை வரேக்கை ஊரே பாக்கும். பாண்ட் வாத்தியக்காரர் மாதிரி! உங்களை நம்பித்தானே மச்சாளும் காசு கட்டினவ.”

“பின்னேரம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாரும். அளவு எடுக்கவேணும். உந்தச் சட்டை உப்பிடியே வராது.”

மேர்சி திரும்பிப் போனாள். அவள் இனி யாரிடம் சொல்லுவாள் என்று யசிந்தாவுக்குத் தெரியாது. இத்தனை வருசம் போர்வை எறிந்து காத்த பேர், இப்போது மேர்சியின் வாயில் இருந்தது. அந்த நேரத்திலும் ஒரு எண்ணம் வந்து குத்தியது: ஜெசிதாவின் கூடையில் ஒருநாளும் இப்படி நடக்காது.

பின்னேரம் மேர்சி பிள்ளையோடு வந்தாள். எட்டு வயது என்று தைத்த சட்டை அந்த மெலிந்த பிள்ளையின் தோளில் நிற்கவில்லை. மற்ற இரண்டு பிள்ளைகளையும் யசிந்தா வெவ்வேறு நாளில் கூப்பிட்டாள். ஒன்றுக்கு முத்தைக் கழற்றிக் கழுத்துப்பட்டி வைத்தாள். ஒன்றுக்கு ரேந்தையை இடுப்பிலிருந்து எடுத்துக் கையில் சுருக்கினாள். மேர்சியின் பிள்ளைக்குப் பாவாடையை அவிழ்த்து மூன்று அடுக்காக்கினாள். காசு கட்டிய சொந்தக்காரருக்குத் தானே போன் எடுத்து, பிள்ளையின் உடம்புக்கு ஏற்ற மாதிரிச் சட்டையை மாற்றியதாகச் சொன்னாள்.

அந்த ஞாயிறு மூன்று பிள்ளைகளும் ஒரே வரிசையில் போனார்கள். மேர்சி கழுத்தை நீட்டி எட்டி எட்டிப் பார்த்தாள். மற்ற இரண்டும் எவை என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்போதுதான் யசிந்தா கோயில் வாங்குப் பலகையில் சாய்ந்து இருந்தாள்.

அடுத்த நாளே நிருஷனிடம் போய்க் கூடையை எடுக்கச் சொன்னாள். இப்போது அவளுடைய தளத்தில் விலை இல்லை. முதல்நன்மை முடிந்த பிறகே அந்த வருசத்துச் சட்டைகளின் படம் ஏறும், பிள்ளைகளின் முகம் இல்லாமல். வெளிநாட்டுச் சொந்தக்காரர் பிள்ளையின் பேரையும் பங்குக் கோயிலையும் எழுதி, அளவெடுக்க நாள் பதியலாம். அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்து ஜெசிதா யசிந்தாவின் வீட்டுக்கு வந்தாள். போனை நீட்டியபடி கதிரையில் இருந்தாள்.

“அக்கா, உங்கடையைப் பாத்தா பெரிய இடம் மாதிரிக் கிடக்கு. படம் மட்டும், வெள்ளை வெள்ளையாய். என்ரையைப் பாத்தா சந்தை மாதிரி. நிருஷனிட்டைச் சொல்லி, விலையைக் கூடையை எல்லாம் எடுத்துப்போட்டு உப்பிடியே நாள் பதியிற மாதிரி மாத்தப்போறன்.”

ஓம், மாத்து என்று சொல்ல யசிந்தாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் ஜெசிதாவின் ரொறொன்ரோ ஓடர்கள் எல்லாம் நின்றுபோகும். ஆனால் தன் தளத்தைப் போலவே இன்னொன்று, அதுவும் இவளிடம், வெள்ளை வெள்ளையாய்! அதை நினைக்கத்தான் அவளால் முடியவில்லை.

“கருவாட்டுக்கும் அளவெடுக்கப் போறியோ, ஜெசி?”

ஜெசிதா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி யோசித்தாள்.

“அப்ப கூடை இருக்கட்டும் எண்டுறியளோ?”

“உனக்கு அதுதான் சரி” என்றாள் யசிந்தா. அவளுக்கு நல்லது நினைத்துச் சொன்னதல்ல அது. படலைப் பக்கம் யாரோ தாயொருத்தியின் குரல் கேட்க, போர்வையை எடுத்து மெசின்மேல் எறிந்துவிட்டு எழும்பினாள்.