பிலோமினா, தகப்பன் பெயர் ஆரோக்கியசாமி

இந்த ஊரில் கடன் இல்லை என்று சொல்வதற்குக்கூடத் துக்கம் தெரிவித்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள். ஈப்போவில் உள்ள ஒரு கடன் நிறுவனத்திலிருந்து எனக்கு வந்த கடிதத்தின் முதல் சொல் 'டுக்காசித்தா'. எழுத்துக் கூட்டிப் படித்தேன். துக்கம் என்ற நம் சொல் எந்தக் காலத்தில் எந்தக் கப்பலேறி மலாய்மொழிக்குள் வந்ததோ, எனக்குத் தெரியாது. யாரோ செத்துப்போனார்கள் என்றே நினைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு, என் கணவர் ஆரோக்கியசாமி வேலை முடிந்து வரும்வரை வாசலிலேயே நின்றேன். அவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தார். "யாரும் சாகல லா. உன் மிஷினுக்கு லோன் கிடையாதாம். அதத்தான் இவ்வளவு வருத்தமா சொல்றான்." எனக்கென்னவோ அது சாவுச் செய்திக்குக் குறைந்ததாகப் படவில்லை.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். ஒரு தையல் மிஷினுக்காகவா இந்தப் பாடு என்பீர்கள். ஈப்போ ஓரத்தில், சிலிபினில் நாங்கள் இருந்த வாடகை வீட்டின் முன்னறையில் காலால் மிதிக்கிற பழைய மிஷின் ஒன்றை வைத்துக்கொண்டு, அக்கம்பக்கத்துக்கு ரவிக்கையும் பாவாடையும் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். டவுனில் பள்ளிச் சீருடை விற்கும் சீனக் கடைக்காரம்மா என் கைவேலையைப் பார்த்துவிட்டு, சனவரியில் பள்ளி திறப்பதற்குள் நீல நிறப் பினஃபோர்கள் தைத்துத் தரச் சொல்லியிருந்தார். எல்லாம் ஒரே அச்சில், கெட்டித் தையலில் வரவேண்டும். மோட்டார் வைத்த மிஷின் நவம்பர் பிறப்பதற்குள் என் வீட்டில் இருந்தால் வேலை எனக்கு. இல்லாவிட்டால் வேறு ஒருத்திக்கு. மிஷினோ, தவணையில் எடுத்தால்தான் உண்டு. கடிதம் வந்தபோது செப்டம்பர் பாதி கழிந்திருந்தது.

அன்று இரவு என் கணவருக்குச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தேன். இரண்டாவது முறை ரசம் ஊற்றும்போது, நான் கேட்காமலே உண்மை வெளியே வந்தது. கமுந்திங்கில் தொழிற்சாலை வேலை செய்யும் அவருடைய சிநேகிதர் ஒருவர் மூன்று வருஷத்துக்கு முன் ஸ்கூட்டர் வாங்கியபோது, இவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. "அவன் ஒழுங்கா கட்டிட்டுத்தான் இருக்கான்னு நெனைக்கிறேன்," என்று இழுத்தார். நான் ஆடிய ஆட்டத்தை இங்கே எழுதப்போவதில்லை. என் மிஷினை அந்த ஸ்கூட்டர்தான் ஏற்றிக்கொண்டு போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். கடன் நிறுவனத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபைல் வைத்திருப்பார்கள், நம்மைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அதில் இருக்கும் என்று அவரே சொன்னார். அப்படியானால் என் ஃபைலை நானே பார்த்துவிடுகிறேன் என்றேன். "அதெல்லாம் காட்டமாட்டான்," என்றார். அவர் சொன்ன விதத்திலேயே, காட்டிவிடுவானோ என்ற பயம் தெரிந்தது.

மறுநாள் பஸ் பிடித்துப் போனேன். முன்மேசையில் இருந்த மலாய்ப் பெண் நான் கேட்டதை இரண்டு முறை சொல்லச் சொன்னாள். மூன்றாவது முறை எழுந்து உள்ளே போய் அதிகாரியைக் கூட்டி வந்தாள். அவர் யாழ்ப்பாணத்தார், கனகசபை என்று பெயர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, மூக்கின் நுனியில் கண்ணாடி. தமிழ் ஆள் என்றதும் எனக்கு உயிர் வந்தது. அவருக்கு வரவில்லை.

"தன்ர ஃபைலைத் தானே பாக்க வந்த முதல் ஆள் நீங்கள்தான், பிள்ளை," என்றார். ஆனாலும் எடுத்துவரச் செய்தார். பழுப்பு அட்டை போட்ட மெல்லிய ஃபைல். அதைத் தன் பக்கமாகவே பிரித்து வைத்துக்கொண்டு கேட்டார். "உங்கட தகப்பனாருக்கு என்ன வயசு?"

"அறுபது இருக்கும் ஐயா."

"இஞ்ச முப்பத்தஞ்சு எண்டு கிடக்கு."

"அது எங்க வீட்டுக்காரரு வயசுல்லா. அவருதான் ஜாமீன்."

"வீட்டுக்காரற்ற பேர்?"

"ஆரோக்கியசாமி."

"உங்கட தகப்பன்ர பேர்?"

"சவரிமுத்து."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப, உங்கட அடையாள அட்டையில தகப்பன் எண்டு கிடக்கிற ஆரோக்கியசாமி ஆர்?"

ஃபைலை என் பக்கம் திருப்பினார். விண்ணப்பத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் ஆங்கிலத்தில் மூன்று வரி. தகப்பன் மகளைவிட மூன்று வயது மூத்தவர். கணவரும் அவரே. விவரங்கள் பொய்யாக இருக்கலாம். அவ்வளவுதான். கமுந்திங் ஸ்கூட்டரைப் பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லை. முன்மேசைப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு போனாள். எனக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் கண்ணும் கலங்கியது.

நடந்தது இதுதான். எழுபத்தைந்தில் நான் கல்யாணமாகி இங்கே வந்தபோது எனக்கு ஒரு வார்த்தை மலாய் தெரியாது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காதான் என் வாத்தியார். என் மகன் பிறந்த பிறகு, தெருமுனையில் இவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் அந்த அக்கா பிள்ளையிடம், "பாப்பா சுடா பாலேக்," என்பாள். பாப்பா என்றால் குழந்தை என்றுதான் முதலில் நினைத்தேன். தினமும் கேட்டுக் கேட்டு, வீட்டுக்காரரைத்தான் அப்படிச் சொல்கிறாள், வீட்டுக்காரர் வந்துவிட்டார் என்கிறாள் என்று புரிந்துகொண்டேன். மலாயில் பாப்பா என்றால் அப்பா, பிள்ளைக்குச் சொன்னதை நான் எனக்கென்று எடுத்துக்கொண்டேன் என்பது புத்தியில் உறைக்கவில்லை. சில வருஷம் கழித்து அடையாள அட்டை எடுக்கப் போனபோது, இவர் வெளியே வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். உள்ளே குமாஸ்தா, "நாமா பாப்பா?" என்று கேட்டார். நாமா என்றால் பெயர், இதுகூடத் தெரியாதா என்ற பெருமையோடு, "ஆரோக்கியசாமி," என்றேன். பாஸ்போர்ட்டிலும் என் பெயருக்குப் பின்னால் அந்தப் பெயரே இருந்ததால் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. பிலோமினா, ஆரோக்கியசாமியின் மகள் என்று எழுதிவிட்டார்.

இங்கே இந்தியர் பெயர்கள் அப்படித்தான். ஆணுக்கு இன்னாரின் மகன், பெண்ணுக்கு இன்னாரின் மகள். பேரன் பேத்தி எடுத்தாலும் அவள் தகப்பனுக்கு மகள்தான், புருஷன் பெயர் அட்டையில் ஏறாது. நம் பக்கத்தில் வழக்கம் வேறு என்பது உங்களுக்குத் தெரியும். என் அப்பா திருநெல்வேலியில் பஸ் கண்டக்டர். எதிலும் எழுத்துச் சுத்தம் பார்ப்பவர். நான் கப்பலேறுவதற்கு முந்தின வாரம், என் டிரங்குப் பெட்டியில் 'S. பிலோமினா' என்று இருந்ததில் S எழுத்தைத் தன் கையாலேயே சுரண்டி எடுத்துவிட்டு, வெள்ளைப் பெயிண்டில் A என்று எழுதினார். பெயிண்ட் காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போது கோபம்கூட வந்தது. இவ்வளவு சீக்கிரமாகவா என்று.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் என் கணவர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். ஸ்கூட்டர் தப்பித்த சந்தோஷமும் அதில் கலந்திருந்தது. "அட்டை வந்தன்னிக்கு நீங்க பாக்கலியா?" என்று கேட்டேன். "என் பேரு இருந்திச்சு, சரி நம்ம பொண்டாட்டின்னு விட்டுட்டேன்," என்றார். அவர் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது குடும்பத்தோடு டவுனுக்கு வந்தவர். தோட்டத்து ஆபீஸில் பதிவு எழுதும் கிராணியின் காதில் விழுந்ததுதான் பெயர். "நாங்க அண்ணன் தம்பி மூணு பேரு. கார்டுல அப்பா பேரு மூணு விதமா இருக்கு. எங்கம்மாவ யாரும் சந்தேகப்படல லா. நீ ஏன் அழற?" என்றார்.

அட்டையைத் திருத்த, அப்பா பெயர் போட்ட ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டும் என்று பதிவு அலுவலகத்தில் சொன்னார்கள். அவசரத்தில் ஊருக்கு நாலு வரி எழுதிப் போட்டேன். "அப்பா, இங்கே என் அட்டையில் இவர் பெயரை எடுத்துவிட்டு உங்கள் பெயரைப் போடவேண்டியிருக்கிறது. பங்குச் சாமியாரிடம் என் சான்றிதழை வாங்கி உடனே அனுப்புங்கள். மற்றவை பிறகு." அந்த நாலு வரி அங்கே எப்படிப் போய் விழும் என்று நான் யோசிக்கவே இல்லை.

அக்டோபர் கடைசியில் ஒரு காலையில் பதிவுத் தபால் வந்தது. உறையின் மேல் அப்பாவின் கையெழுத்தில் 'S. பிலோமினா'. உள்ளே சான்றிதழும் அரைப்பக்கக் கடிதமும். "மகளே, நீ கேட்டதை வைத்திருக்கிறேன். என்ன நடந்தது என்று நான் கேட்கமாட்டேன். உன் அம்மாவையும் கேட்கவிடமாட்டேன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. முன்னறையில் உன் தம்பி சாமான்களை எடுத்துவிட்டுக் கட்டில் போட்டிருக்கிறேன். கப்பல் செலவுக்கு வழி பண்ணியாகிவிட்டது. ஊர் பேசினால் பேசட்டும்."

நம் ஊரில் ஒரு பெண் அப்பா பெயருக்குத் திரும்புகிறாள் என்றால் என்ன அர்த்தமென்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அந்தக் காலை நான் அழுததுபோல் இந்த நாட்டுக்கு வந்த நாளிலும் அழவில்லை. என் கணவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "என்னைய ரொம்ப மோசமா நெனைச்சிட்டாரு," என்றவர், கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, "நல்ல மனுஷன்," என்றார். தந்தி அடித்துவிடலாமா என்று கேட்டார். தந்தி என்று வாசலில் குரல் கேட்டாலே அப்பாவுக்கு நெஞ்சு அடைத்துவிடும், வேண்டாம் என்றேன்.

அன்று அவர் லீவு போட்டார். முதலில் பதிவு அலுவலகம். புதிய அட்டை வரும்வரை வைத்துக்கொள்ள ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். அதைக் கனகசபை ஐயாவிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் என் கணவரை மேலும் கீழும் பார்த்து, "இவர்தான் அந்தத் தகப்பனோ?" என்று கேட்டார். அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன். சிவப்பு மை வரிகளைக் கோடு போட்டு அடித்துவிட்டு, புதுப் பாரத்தை நீட்டினார். பிலோமினா, சவரிமுத்துவின் மகள் என்று கையெழுத்திட்டேன். மிஷின் அந்த வாரமே, நவம்பர் பிறப்பதற்குள் வந்துவிடும் என்றார்.

அங்கிருந்து தபால் நிலையம். அங்கே நின்றபடியே அப்பாவுக்கு எல்லாவற்றையும் எழுதினேன், இவரும் அடியில் இரண்டு வரி எழுதினார். உறையை ஒட்டிய பிறகு, பின்பக்கம் அனுப்புநர் பெயரில் A என்ற எழுத்தை மட்டும் நன்றாகப் பெரிதாகப் போட்டேன். பிரிப்பதற்கு முன்பே அப்பா கண்ணில் அது படவேண்டும். கடிதம் போய்ச் சேரப் பத்து நாளாகும். அந்தப் பத்து நாளும் நான் சிலிபினில் புது மிஷினில் நீலத் துணி தைத்துக்கொண்டிருப்பேன். திருநெல்வேலியில் அப்பா தினமும் அந்தக் கட்டிலின் விரிப்பை உதறிப் போட்டுக்கொண்டிருப்பார்.