பத்தாவது கணிப்பு

அந்தப் புரட்டாசியில் இரண்டு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பதில் சொல்லாததுதான் காரணம் என்று அம்மா நினைத்துக்கொண்டார். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மையான காரணத்தை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

நான் வீடியோ கேம்களுக்கு ஒலி சேர்ப்பவள். கேமில் ஒருவன் சேற்றில் கால் வைத்தால் கேட்கும் சத்தத்தை யாராவது பதிவு செய்து, வெட்டி, ஒட்டித் தரவேண்டும். சென்னையில் நான்கு பேர் நடத்தும் ஒரு சின்ன நிறுவனத்துக்கு, நன்னிலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்தே அந்த வேலையைச் செய்தேன். எங்கள் குடும்பத்தில் தாத்தா காலம் வரை எல்லோரும் பிறர் வயலில் கூலிக்கு நட்டவர்கள். அப்பாதான் முதன்முதலில் நிலம் வாங்கினார், ஆறு மா, ஏறக்குறைய இரண்டு ஏக்கர். அந்த நிலத்தின் வரப்பில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்ததை ஊரே வேடிக்கை பார்த்தது. மோட்டார் சத்தம் கலக்காமல் தவளைச் சத்தம் வேண்டும் என்று கேட்டபோது அப்பா அரை மணி நேரம் மோட்டாரை நிறுத்தினார். "சீக்கிரம் கத்தச் சொல்லும்மா, தண்ணி பாய்ச்சணும்" என்றார்.

நாங்கள் செய்த கேம் கடைமடையில் இருக்கும் ஒரு ஊரைப் பற்றியது. மேலேயிருந்து வரும் கொஞ்சம் தண்ணீரை வயல் வயலாகப் பிரித்து அறுவடை வரை ஊரைக் கொண்டு சேர்க்க வேண்டும். மூன்று வருட வேலை. அந்த வருடம், டிவியில் இணைத்து கேம் விளையாடும் கருவியான கன்சோலைச் செய்யும் பெரிய நிறுவனம் ஒன்று, புது கேம்களை இணையத்தில் நேரலையாக அறிமுகம் செய்யும் தன் ஷோகேஸில் எங்கள் கேமையும் காட்டக்கூடும் என்று கடிதம் அனுப்பியது. 'காட்டக்கூடும்' அவ்வளவுதான். கடைசி நேரத்தில் எதை வேண்டுமானாலும் எடுத்துவிடுவார்களாம். அதுவரை வெளியே மூச்சு விடக் கூடாது; விட்டால் வாய்ப்புப் போய்விடும்.

என் சிக்கல் அங்கேதான் தொடங்கியது. ஷோகேஸில் என்ன வரும் என்று கணித்து விளையாடுவது எனக்கும் என் தோழிக்கும் பல வருடப் பழக்கம்.

அவளும் நானும் தஞ்சாவூரில் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தோம். படிப்பு முடிந்ததும் திருவாரூருக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பத்துக்கு மருமகளாகப் போனாள். கணவர் துபாயில்; இங்கே அவளும் மகளும் மாமியாரும். கணவர் முதல் விடுமுறைக்கு வந்தபோது, என்ன வேண்டும் என்று அவர் கேட்டதற்கு நகை கேட்காமல் கன்சோல் கேட்டவள் அவள். வருடா வருடம் ஷோகேஸ் தேதி அறிவித்த மூன்றாம் நாளுக்குள் ஆளுக்குப் பத்துக் கணிப்புகளை எழுதி அனுப்பிவிட வேண்டும். அதற்குப் பிறகு ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது. நிகழ்ச்சி அன்று நான் பஸ் பிடித்து அவள் வீட்டுக்குப் போவேன். சேர்ந்து பார்த்து மதிப்பெண் போடுவோம்.

நான் மனம் போன போக்கில் எழுதுகிறவள். அவள் அப்படியில்லை. எந்த நிறுவனம் எந்த மாதிரி ஆட்களை வேலைக்கு எடுக்கிறது, எந்த இசையமைப்பாளர் திடீரென்று பேசாமல் இருக்கிறார், பழைய கேம்களில் எதன் விலையைக் குறைத்திருக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் பார்த்துத்தான் எழுதுவாள். பத்தில் ஆறு ஏழு சரியாக இருக்கும். பத்தாவது மட்டும் வேறு ரகம். எப்போதும் ஒரே வரி: 'நம்ம ஊர் ஆளுங்க செஞ்ச கேம் ஒண்ணு வரும்.' அதற்கு அவளிடம் ஆதாரம் எதுவும் இருந்ததில்லை. ஒரு முறைகூட வந்ததும் இல்லை. அந்த ஒரு மதிப்பெண்ணை ஒவ்வொரு வருடமும் தெரிந்தே தொலைப்பாள்.

அந்த வருடம் தேதி அறிவித்த மூன்றாம் நாள் காலையில் போன் செய்தாள்.

"என்னடி, இன்னும் லிஸ்ட் வரல?"

"வேலைடி. சாயங்காலம் அனுப்புறேன்."

"எனக்கு ஒம்பதுதான் தேறுச்சு. பத்தாவதுக்கு ஏதாவது புதுசா யோசிக்கணும்."

"ஏன், எப்பவும் எழுதுறது?"

"போதும்டி. எத்தன வருஷம் எழுதுறது. இந்தத் தடவ விட்டுடலாம்னு இருக்கேன்."

நான் பேசாமல் இருந்திருக்கலாம். இத்தனை வருடம் எழுதிவிட்டு, உண்மையிலேயே வரக்கூடிய இந்த வருடம் பார்த்து அதைக் கைவிடுகிறாளே என்று மனசு அடித்துக்கொண்டது. "எழுதித்தான் பாரேன்" என்று சொல்லிவிட்டேன்.

"ஏன்டி?" என்றாள்.

"சும்மாதான். வழக்கத்த ஏன் விடணும்."

"சரி, பாக்குறேன்" என்று வைத்துவிட்டாள்.

சாயங்காலம் அவளுடைய லிஸ்ட் வந்தது. பத்தாவது இடத்தில் ஒரு கார் பந்தய கேமின் பெயர் இருந்தது. எனக்கு ஏமாற்றமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. அவள் எதையும் ஊகிக்கவில்லை என்று நினைத்தேன். என் லிஸ்ட்டில் எங்கள் கேமைப் பற்றி எதுவும் எழுதவில்லை. எழுதினால் துரோகம், எழுதாவிட்டால் பொய். இரண்டில் பொய்யைத் தேர்ந்தெடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து, கணிப்புகள் மட்டுமே பேசும் ஒரு இணைய அரட்டைப் பக்கத்தில், முகம் தெரியாத யாரோ ஒருவர் எழுதியிருந்தார்: நெல் விளையும் இந்திய ஊர் ஒன்றைப் பற்றிய சின்ன கேம் இந்த ஷோகேஸில் வரும். ஒரு மணி நேரத்தில் சென்னையிலிருந்து போன் வந்தது. நிறுவனத்தை நடத்தும் நால்வரில் மூத்தவர். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் தணிந்த குரலில்தான் கேட்டார்.

"உங்களத் தப்பா நெனைக்கலங்க. எல்லார்கிட்டயும் கேக்குறோம். யார்கிட்டயாவது ஏதாவது சொன்னீங்களா?"

"இல்லீங்க" என்றேன். 'எழுதித்தான் பாரேன்' என்பது சொன்னதில் சேருமா சேராதா? வயலுக்குப் போய் வரப்பில் நடந்தேன். நாற்று நடுகிற பெண்கள், என்னம்மா முகம் வாடிக் கிடக்கு என்று கேட்டார்கள். அந்த அரட்டைப் பக்கத்தில் அவளும் உண்டு என்பது எனக்குத் தெரியும். எனக்கு அதைக் காட்டியதே அவள்தான். மூன்று வருடம் நான்கு பேர் சோறு தண்ணி பார்க்காமல் செய்த வேலை என் ஒரு வார்த்தையால் போகப் போகிறது என்ற எண்ணம் வந்ததும், அதன் பாதிப் பாரத்தை வேறொருவர் தலையில் இறக்கிவைக்கத் தோன்றியது.

அவளுக்குப் போன் செய்தேன்.

"அந்தப் பேஜ்ல நீ ஏதாவது எழுதுனியா?"

"எதப் பத்தி?"

"நம்ம ஊர் கேம் வரும்னு."

அவளுக்குப் பின்னால் தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. "நான் எழுதல" என்றாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு. எனக்கு இது ரொம்ப முக்கியம்."

"யோசிச்சுச் சொல்ல இதுல என்ன இருக்கு? எழுதலன்னா எழுதல." பிறகு, "நீ என்னக் கேக்குறியா, இல்ல தீர்ப்பே சொல்றியா?" என்றாள். உடனே போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் சென்னையிலிருந்து மீண்டும் போன். விஷயம் வெளியே போன வழி தெரிந்துவிட்டது. எந்த வயதுக்காரர்கள் விளையாடலாம் என்று சான்றிதழ் தரும் ஒரு வெளிநாட்டு இணையதளத்தில் எங்கள் கேமின் பெயரும் இரண்டு வரி விவரமும் தவறுதலாக முன்கூட்டியே ஏறியிருந்தன. யாரோ அதைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்கள். கன்சோல் நிறுவனத்துக்கும் சொல்லியாயிற்று. அவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. "மன்னிச்சுக்குங்க" என்றார் அந்த மூத்தவர். அதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அதே வார்த்தையை நான் ஒருத்தியிடம் சொல்ல வேண்டியிருந்தது.

அவள் போனை எடுக்கவில்லை. 'தப்பு என்னுதுதான், மன்னிச்சுக்க' என்று எழுதி அனுப்பினேன். ராத்திரிக்குள் 'சரி' என்று ஒரே சொல் வந்தது. அதை வைத்து எதையும் புரிந்துகொள்ள முடியவில்லை. கேம் வருமா வராதா என்ற பயத்தோடு, அன்று நான் அவள் வீட்டுக்குப் போகலாமா கூடாதா என்ற பயமும் சேர்ந்துகொண்டது. இரண்டில் எது பெரியது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

ஷோகேஸ் இந்திய நேரப்படி சாயங்காலம் ஏழரைக்கு. நான்கு மணிக்கே பஸ் ஏறிவிட்டேன். திருவாரூரில் இறங்கியபோது, திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு டீ குடிக்கிற நேரம் நின்றேன். பிறகு அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

அவள் மாமியார்தான் கதவைத் திறந்தார். "வாம்மா, என்ன இந்தத் தடவ எளச்சுப் போயிட்ட" என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். அவள் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்த்து, "உக்காரு" என்றாள். பக்கத்தில் தலையணையை நகர்த்தி இடம் விட்டாள்.

ஏழரைக்கு ஆரம்பித்தது. பெரிய கேம்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவள் நோட்டில் டிக் போட்டுக்கொண்டே வந்தாள். கார் பந்தயமும் வந்தது. அரை மணி நேரம் ஆயிற்று. எங்களுடையது இல்லை. முக்கால் மணி நேரம் ஆயிற்று. எடுத்துவிட்டார்கள் என்று முடிவு செய்துகொண்டேன். சென்னையில் நான்கு பேரும் எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். அப்போது சின்ன கேம்களை எல்லாம் ஒன்றாகக் கோத்த ஒரு துணுக்குத் தொகுப்பு தொடங்கியது. ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு விநாடி. ஏழாவதோ எட்டாவதோ, பச்சை வயல், மடை திறக்கிற ஒரு கை, பாய்கிற தண்ணீர். போய்விட்டது.

அத்தனை துணுக்குகளுக்கும் மேலே ஒரே அதிரடி இசை ஓடிக்கொண்டிருந்தது. என் தண்ணீர் கேட்கவில்லை. மூன்று வருடத்தில் நான் சேர்த்த ஒரு சத்தம்கூட அந்த ஆறு விநாடியில் இல்லை. அதற்காக வருத்தப்படக்கூட நேரமில்லை. அவள் ரிமோட்டை எடுத்து நிறுத்தி, பின்னால் ஓட்டி, மடை திறக்கிற கையில் படத்தை உறைய வைத்திருந்தாள்.

"இதானே?"

"இதான்."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நல்லா இருக்குடி. தண்ணி நெசத் தண்ணி மாதிரியே இருக்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "நீ அத எழுதியிருந்தா உனக்கு ஒரு மார்க் வந்திருக்கும்" என்றேன்.

"எழுதித்தான் பாரேன்னு நீ சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அதனாலதான் எழுதல." நோட்டை மூடினாள். "எழுதி, அத நீ பாத்து, நாளைக்கு யாராச்சும் உன்னக் கேட்டா, நீ என்ன பதில் சொல்லுவ? என்னால உனக்கு வம்பு வேணாம்னுதான் விட்டேன். நீ என்னடான்னா என்கிட்டயே வந்து கேக்குற."

மாமியார் இரண்டு தட்டில் இடியாப்பமும் கறியும் கொண்டுவந்து வைத்தார். சாப்பிட்டோம். அந்த இரண்டு வாரத்தில் அன்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டேன் என்று சொல்ல ஆசைதான். பாதியை மிச்சம் வைத்தேன். கடைசி பஸ்ஸுக்கு முன்னாடியே கிளம்பிவிட்டேன். வாசல் வரை வந்தவள், போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போடு என்றாள்.

கேம் சில மாதங்கள் கழித்து வெளியானது. பெரிதாக ஓடவில்லை, மூழ்கவும் இல்லை. நான்கு பேரும் அடுத்த கேமைத் தொடங்கினார்கள், எனக்கும் வேலை இருந்தது. அவள் முதல் நாளே வாங்கி விளையாடினாள் என்று அவள் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளாக என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நாங்கள் பேசிக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் எதைச் சொன்னாலும் ஒரு நொடி நிறுத்தி யோசித்துவிட்டுப் பேசினாள். அந்த ஒரு நொடி குறைய தை மாதம் ஆயிற்று. அறுவடை சமயம் அவள் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். களத்தில் நின்று, அறுப்பு மிஷின் வருவதைப் பார்த்தபடி, அடுத்த ஷோகேஸ் எந்த மாதம் இருக்கும் என்று நினைக்கிறாய் என்று அவளாகவே கேட்டாள்.