எந்தத் தேய்மானம்?

முதலில் என் நைட்டிதான் தரையைக் கூட்ட ஆரம்பித்தது. நீளமாக வெட்டிவிட்டாள் என்று மம்சாபுரத்தில் தையல்காரியோடு சண்டை போட்டேன். உண்மையில் என் உயரம்தான் குறைந்திருந்தது. அறுபத்து நான்கு வயதில் ஒருத்தி குட்டையாவாள் என்று யார் கண்டது?

முதுகும் வலித்தது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடிக்கும் கம்பெனியில் முப்பது வருடம் நின்றே வேலை பார்த்தவள் நான். எங்கள் செட்டில் வலி இல்லாதவள் கிடையாது. மூட்டோ இடுப்போ கழுத்தோ, எல்லாவற்றுக்கும் ஒரே பேர்: தேய்மானம். தைலம் தேய்ப்போம், டாக்டரிடம் போகமாட்டோம்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கப் போனபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்சிங் படிக்கும் பெண் ஒருத்தி தாளோடு வந்தாள். எலும்பு நோயைப் பற்றி வயதானவர்கள் என்ன நம்புகிறார்கள் என்று ஆய்வாம். அந்தத் தாளிலும் அதே வார்த்தைதான்.

"எலும்புத் தேய்மானம் ஒங்களுக்கு வரும்னு நினைக்கீங்களா ஆச்சி?"

"அது வந்து எம்புட்டோ நாளாச்சு."

"அதனால எலும்பு ஒடியுமா?"

"விழுந்தாத்தான ஒடியும்? நான் ஏன் விழப்போறேன்?"

டிக் போட்டுக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள். நான் நம்பியதை அளந்தாளே தவிர, அது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் குளிக்கத் தண்ணீர் வாளியைத் தூக்கினேன். விழவில்லை, வழுக்கவில்லை. முதுகில் மடக்கென்றது. நிமிர முடியவில்லை.

படம் எடுத்துப் பார்த்த டாக்டர், முதுகெலும்பில் ஒரு கட்டை நசுங்கிவிட்டது என்றார். எலும்புப்புரை (எலும்பு உள்ளே பொத்தலாகி வலுவிழப்பது).

"தேய்மானந்தான சார்?"

"அது மூட்டுல வாரது. இது வேறம்மா. முன்னாலயே வந்திருந்தா மாத்திரையில காப்பாத்தியிருக்கலாம்."

அவரை எனக்குப் பிடிக்கவில்லை. அவர் சொன்னது சரிதான் என்பதால் இருக்கலாம்.

மூன்று மாதம் இடுப்பு பெல்ட்டோடு கிடந்தேன். வலி குறைந்தது, போன உயரம் திரும்பாதாம். யாராவது உங்களிடம் தேய்மானம் என்றால், எந்தத் தேய்மானம் என்று கேளுங்கள். கேட்காமல் நான் கெட்டது போதும்.

அடுத்த கட்டை எப்போது நசுங்கும் என்று டாக்டருக்கும் தெரியாது. பலமாகத் தும்மினாலே போதுமாம். போன வாரம் தும்மல் வந்தது. இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு தும்மினேன். ஒன்றும் ஆகவில்லை.

யார் தும்மினாலும் ஆயுசு சொல்லி வாழ்த்தும் பழக்கத்தில் என் வீட்டுக்காரர், "நூறு" என்றார்.

"இந்த முதுக வச்சுக்கிட்டா?" என்றேன். "அம்புட்டு வேண்டாம். கொறைச்சுச் சொல்லுங்க."